காட்ஸில்லாவை மீண்டும் எழுப்புவோர் எதை மாற்றலாம்?

படிவம் 5 மாணவர்களுக்கு அணுக்கரு இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தேன். அணுப்பிளவுக்கும் அணுப்பிணைவுக்கும் உள்ள வேறுபாட்டை வெண்பலகையில் வரைந்து முடித்துவிட்டு, ஹைட்ரஜன் குண்டுக்கு எடுத்துக்காட்டாக 1954ஆம் ஆண்டு பிகினித் தீவில் நடந்த வெடிப்பைச் சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் கையை உயர்த்தினான்.

“டீச்சர், அது காட்ஸில்லாவைக் கொல்றதுக்குப் போட்ட குண்டுதானே?”

வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான். காட்ஸில்லா கற்பனை என்பது அவனுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அந்தக் குண்டு உண்மையில் எதற்காக வெடிக்கப்பட்டது, அதன் சாம்பல் யார்மீது விழுந்தது என்பது தெரியவில்லை. அவன் அறிந்திருந்த ஒரே பிகினி, 2014இல் வெளிவந்த ஹாலிவுட் படத்தில் வரும் பிகினிதான்.

பழைய அறிவியல் புனைகதைகளை முதலிலிருந்து புதிதாகத் தொடங்கி எடுப்பதை ‘ரீபூட்’ என்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ரசிகர்களிடையே அதே வாதம்தான் எழும்: “மூலத்தைக் கெடுத்துவிட்டார்கள்!” “காலத்துக்கு ஏற்ப மாற வேண்டாமா?” இந்த வாதத்தில் எந்தப் பக்கம் நிற்பது? காட்ஸில்லாவை வைத்தே பார்ப்போம். எழுபது ஆண்டுகளாக மீண்டும் மீண்டும் எழுப்பப்பட்டு வரும் பாத்திரம் அது. அதன் மூலத்தை அறிய, ஒரு மீன்பிடிப் படகிலிருந்து தொடங்க வேண்டும்.

பனிபோல் விழுந்த சாம்பல்

1954 மார்ச் 1. பசிபிக் பெருங்கடலின் மார்ஷல் தீவுக்கூட்டத்தில் உள்ள பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. சோதனைக்கு இட்ட பெயர் ‘காசில் பிராவோ’. அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்தில், அமெரிக்கா அறிவித்திருந்த ஆபத்து எல்லைக்கு வெளியே, ‘டாய்கோ ஃபுக்குரியூ மாரு’ என்ற ஜப்பானியப் படகு சூரைமீன் பிடித்துக்கொண்டிருந்தது. ‘அதிர்ஷ்ட டிராகன் 5’ என்பது அந்தப் பெயரின் பொருள். படகில் 23 பேர் இருந்தனர்.

விடியலுக்கு முன் மேற்கு வானம் ஒளிர்ந்தது. சில மணி நேரம் கழித்து வானிலிருந்து வெள்ளைத் தூள் கொட்டத் தொடங்கியது. குண்டு பவளப்பாறையைத் தூளாக்கி வானில் வீசியிருந்தது. அந்தத் தூளோடு கதிரியக்கப் பொருள்களும் கலந்திருந்தன. மீனவர்களுக்கு அது என்னவென்று தெரியாது. தலையிலும் கழுத்திலும் படிந்த தூளோடு தூண்டில் கயிறுகளை இழுத்து முடித்தார்கள். பிறகு குமட்டல் வந்தது. தோல் கொப்பளித்தது. முடி உதிர்ந்தது. மார்ச் 14ஆம் தேதி படகு யாய்சு துறைமுகத்துக்குத் திரும்பியது. படகின் வானொலி இயக்குநர் ஐகிச்சி குபோயாமா அதே ஆண்டு செப்டம்பர் 23ஆம் தேதி இறந்தார்.

அந்தத் தூள் ரோங்கெலாப் தீவிலும் விழுந்தது. அங்கிருந்த சிறுவர்கள் அதில் விளையாடினார்கள். தீவுவாசிகள் இரண்டு நாள் கழித்தே அங்கிருந்து வெளியேற்றப்பட்டார்கள்.

ஜப்பானில் கதிரியக்கம் கலந்த சூரைமீன் டன் கணக்கில் அழிக்கப்பட்டது. மீன் சந்தைகளில் கெய்கர் கருவியோடு அதிகாரிகள் நின்றார்கள். ஹைட்ரஜன் குண்டுக்கு எதிராக மக்கள் தொடங்கிய கையெழுத்து இயக்கத்தில் அடுத்த ஆண்டுக்குள் 30 மில்லியனுக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டனர்.

கணக்கில் வராத லித்தியம்

பிராவோவின் ஆற்றல் சுமார் 6 மெகாடன் இருக்கும் என்று அதை வடிவமைத்தவர்கள் கணித்திருந்தார்கள். வெடித்ததோ 15 மெகாடன். ஹிரோஷிமாவில் விழுந்த குண்டைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. கணக்கு எங்கே தவறியது?

அந்தக் குண்டின் எரிபொருளில் இரண்டு வகை லித்தியம் இருந்தது. லித்தியம்-6 என்ற ஐசோடோப்பை நியூட்ரான் தாக்கினால் டிரிட்டியம் உருவாகும். டிரிட்டியம் டியூட்டீரியத்தோடு இணையும்போது பெரும் ஆற்றல் வெளிப்படும். ஆனால் எரிபொருளில் இருந்த லித்தியத்தில் பாதிக்கும் மேல் லித்தியம்-7. அது இந்த வினையில் பங்கெடுக்காமல் சும்மா கிடக்கும் என்று நினைத்தார்கள். வெடிப்பின் நடுவே பறந்த அதிவேக நியூட்ரான்கள் லித்தியம்-7ஐயும் உடைத்தன. அதிலிருந்தும் டிரிட்டியம் வந்தது. கூடவே இன்னொரு நியூட்ரானும் வந்தது. இந்தக் கூடுதல் நியூட்ரான்கள் குண்டைச் சூழ்ந்திருந்த யுரேனிய உறையைப் பிளந்தன. மொத்த ஆற்றலில் பெரும்பகுதி அந்தப் பிளவிலிருந்துதான் வந்தது. அதனால்தான் கதிரியக்கச் சாம்பலும் அவ்வளவு அதிகமாக இருந்தது.

குண்டின் அமைப்பு இரகசியமாக வைக்கப்பட்டிருந்தது. ஆனால் படகில் ஒட்டியிருந்த சாம்பலை ஜப்பானிய வேதியியலாளர்கள் ஆராய்ந்து, அதில் யுரேனியம்-237 இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். என்ன நடந்தது என்பதை ஊகிக்க அது பெரும் துப்பாக இருந்தது.

இந்தப் பகுதியைச் சற்று விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நன்கு படித்தவர்கள், நல்ல கருவிகள் கொண்டவர்கள், தங்களுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது என்பதை உணராமல் ஒன்றைக் கட்டவிழ்த்துவிட்டார்கள். விலை கொடுத்தவர்கள் அந்தக் கணக்கோடு எந்தத் தொடர்பும் இல்லாத மீனவர்களும் தீவுவாசிகளும். காட்ஸில்லா கதையின் உண்மையான மூலம் இதுதான்.

எட்டு மாதத்தில் ஒரு படம்

அந்த வேளையில் தோஹோ நிறுவனத் தயாரிப்பாளர் தொமோயுக்கி தனாக்கா, இந்தோனேசியாவில் எடுக்கவிருந்த ஒரு படம் கைவிடப்பட்டதால் அதன் இடத்தை நிரப்ப வேறு கதை தேடிக்கொண்டிருந்தார். கடலடியில் உறங்கிய பழங்கால விலங்கை ஹைட்ரஜன் குண்டு எழுப்பினால் என்ன ஆகும் என்று யோசித்தார். இயக்குநர் இஷிரோ ஹோண்டா போர் முடிந்து 1946இல் சீனாவிலிருந்து நாடு திரும்பியபோது ஹிரோஷிமாவின் அழிவை நேரில் பார்த்தவர். படம் 1954 நவம்பர் 3ஆம் தேதி வெளிவந்தது. பிராவோ வெடித்து எட்டே மாதம்.

ஜப்பானிய மொழியில் அதன் பெயர் ‘கோஜிரா’. கொரில்லா என்ற சொல்லையும் திமிங்கிலத்தைக் குறிக்கும் ‘குஜிரா’ என்ற சொல்லையும் இணைத்து உருவான பெயர். உறுமலை உருவாக்கியவர் இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே. பிசின் தடவிய தோல் கையுறையால் பெரிய கான்ட்ராபாஸ் வாத்தியத்தின் தந்தியைத் தேய்த்து அந்த ஒலியைப் பிடித்தார்கள்.

இன்று பார்த்தால் கனமான ரப்பர் உடைக்குள் ஒரு நடிகர் நடப்பது தெரியத்தான் செய்கிறது. ஆனாலும் படம் நம்மை உலுக்குகிறது. தொடக்கக் காட்சியிலேயே கடல் பளிச்சென்று ஒளிர்ந்து ஒரு கப்பல் எரிகிறது. ரயிலில் போகும் பயணிகள் கதிரியக்கச் சூரைமீனைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். விலங்குக்கும் குண்டுக்கும் உள்ள தொடர்பை மக்களிடம் சொல்லலாமா, மறைக்கலாமா என்று நாடாளுமன்றத்தில் சண்டை நடக்கிறது. மருத்துவமனையில் ஒரு குழந்தையின் அருகே கெய்கர் கருவியைப் பிடிக்கிறார்கள், அது சத்தமிடுகிறது. மருத்துவர் தலையை அசைக்கிறார். அந்தக் காட்சியில் விலங்கே இல்லை.

படத்தில் இன்னொருவர் இருக்கிறார்: டாக்டர் செரிசாவா. நீரிலுள்ள ஆக்சிஜனை அழித்து உயிர்களைக் கரைக்கும் ஒரு பொருளை அவர் தற்செயலாகக் கண்டுபிடித்திருக்கிறார். காட்ஸில்லாவைக் கொல்ல அதை விட்டால் வேறு வழியில்லை. ஆனால் ஒருமுறை வெளியே தெரிந்துவிட்டால் அடுத்து அது போர்க்கருவியாகும் என்று அஞ்சுகிறார். கடைசியில் குறிப்புகளை எல்லாம் எரித்துவிட்டு, தானே கடலுக்குள் இறங்கி அதைப் பயன்படுத்துகிறார். மேலே வரவில்லை. தன் மூளையில் எஞ்சியிருக்கும் சூத்திரமும் யாருக்கும் கிடைக்கக் கூடாது என்பது அவர் முடிவு.

மாறினால் கெடாதவை

இப்போது நம் கேள்விக்கு வருவோம். இந்தப் படத்தில் எவற்றை மாற்றலாம்?

முதலில் உயரம். 1954 காட்ஸில்லாவின் உயரம் 50 மீட்டர். அக்காலத்தில் ஜப்பானியக் கட்டடங்களுக்கு 31 மீட்டர் உயரக் கட்டுப்பாடு இருந்தது. ஆகவே 50 மீட்டர் விலங்கு டோக்கியோவின் கூரைகளுக்கு மேலே தலைநீட்டியது. நகரம் வளர்ந்ததும் விலங்கும் வளர வேண்டியதாயிற்று. 1984இல் 80 மீட்டர். 2016இல் 118.5 மீட்டர். மூலத்தை மதிக்கிறேன் என்று யாராவது 50 மீட்டரிலேயே நிறுத்தி, இன்றைய கோலாலம்பூர் போன்ற நகரத்தில் நடக்கவிட்டால் அது அடுக்குமாடி வீடுகளுக்குப் பின்னால் மறைந்துவிடும். எண் அப்படியே இருக்கும். மூலத்தில் இருந்த அச்சம் காணாமல் போகும்.

அறிவியல் நோக்கில் எந்த உயரமும் சாத்தியமில்லை என்பது வேறு கதை. 1638இல் கலிலியோ விளக்கிய விதியை நீங்களே போட்டுப் பாருங்கள். 1.7 மீட்டர் மனிதரை ஏறத்தாழ 30 மடங்கு பெரிதாக்கினால் 50 மீட்டர் வரும். எலும்பின் குறுக்குப் பரப்பு 30 × 30, அதாவது 900 மடங்காகும். எடையோ 30 × 30 × 30, அதாவது 27,000 மடங்காகும். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் எலும்பும் 30 மடங்கு சுமையைத் தாங்க வேண்டும். எழுந்து நிற்பதற்கு முன்பே கால் முறிந்துவிடும்.

இன்னொரு பிழையும் உண்டு. மூலப் படத்தில் தொல்லுயிர் ஆய்வாளர் ஜுராசிக் காலம் இரண்டு மில்லியன் ஆண்டுகளுக்கு முன் இருந்தது என்கிறார். உண்மையில் அது முடிந்தே 145 மில்லியன் ஆண்டுகள் ஆகிவிட்டன. என் மாணவர் யாராவது தேர்வில் அப்படி எழுதினால் மதிப்பெண் கிடைக்காது. மறுஆக்கம் செய்பவர் இதைத் திருத்தினால் நாம் கைதட்டலாம். மூலத்தில் இருந்த பிழையைக் கட்டிக் காப்பது நேர்மையாகாது.

அறிவியல் சரி, கதை?

அப்படியானால் அறிவியலைச் சரிசெய்தால் நல்ல மறுஆக்கம் கிடைத்துவிடுமா? 1998இல் ரோலண்ட் எமெரிக் இயக்கிய ஹாலிவுட் படம் இதற்குப் பதில் சொல்லும்.

அதில் காட்ஸில்லா, பிரெஞ்சு பாலினீசியாவில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் உருமாறிய இகுவானா இனப் பல்லி. குனிந்து, வாலை நீட்டி, வேகமாக ஓடுகிறது. இணை இல்லாமலேயே முட்டையிடுகிறது. நம் அண்டை நாட்டு கொமோடோ டிராகனும் ஆண் துணையின்றி முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கக்கூடியது என்று 2006இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அந்தப் படத்தின் விலங்கியல் மூலப் படத்தின் விலங்கியலைவிடப் பல மடங்கு மேல்.

இருந்தும் ரசிகர்கள் அதை ஏற்கவில்லை. படத்தின் முடிவில் அந்த விலங்கு பாலத்தின் கம்பிகளில் சிக்குகிறது. போர் விமானங்கள் ஏவுகணை வீசுகின்றன. அது செத்துவிடுகிறது. நாம் உண்டாக்கிய விளைவை நம்மிடமுள்ள ஆயுதங்களால் தடுக்க முடியவில்லை என்பதுதான் 1954 படத்தின் அடித்தளம். ஏவுகணையால் தீரும் சிக்கல் என்றால், அது நகரத்துக்குள் புகுந்த பெரிய பல்லி, அவ்வளவுதான். தோஹோ நிறுவனம் பின்னாளில் அந்த விலங்குக்கு ‘ஸில்லா’ என்று தனிப் பெயர் வைத்தது. 2004இல் வந்த ஜப்பானியப் படம் ஒன்றில், அசல் காட்ஸில்லா அதைச் சிட்னி நகரில் சில நொடிகளில் வீழ்த்திவிடுகிறது.

என் மாணவன் பார்த்த படம்

2014இல் கேரத் எட்வர்ட்ஸ் இயக்கிய படம் ‘ஸில்லா’வின் தவற்றைச் செய்யவில்லை. விலங்கு நிமிர்ந்து நிற்கிறது. உறுமல் பழையதை நினைவூட்டுகிறது. முதுகுத் தகடுகள் ஒளிர்கின்றன. கென் வாட்டனபே நடித்த விஞ்ஞானிக்கு இஷிரோ செரிசாவா என்று பெயர். மூலப் படத்தின் இயக்குநரையும் விஞ்ஞானியையும் ஒரே பெயரில் வணங்கிவிட்டார்கள். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த 8.15 மணியோடு நின்றுபோன தந்தையின் கடிகாரத்தை அவர் காட்டும் காட்சி மனத்தில் நிற்கிறது.

ஆனால் அதே படம், 1954இல் பிகினியில் நடந்தது சோதனையே அல்ல, காட்ஸில்லாவைக் கொல்ல எடுத்த முயற்சி என்கிறது. திரைக்கதை எழுதியவர்களுக்கு அது ஒரு சுவையான திருப்பமாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் அந்த ஒரு மாற்றத்தில் எல்லாமே தலைகீழாகிறது. மூலத்தில் குண்டு குற்றம், விலங்கு அதன் விளைவு. இங்கே விலங்கு ஆபத்து, குண்டு தற்காப்பு. 1946இல் தங்கள் மண்ணைவிட்டு வெளியேற்றப்பட்ட 167 பிகினி மக்கள் எங்கே? படகில் இருந்த 23 பேர் எங்கே? கதையில் அவர்களுக்கு இடமே இல்லை. மார்ஷல் தீவுகளில் 1946 முதல் 1958 வரை 67 அணு வெடிப்புச் சோதனைகள் நடந்தன. அவற்றை ஒரு விலங்கின் கணக்கில் எழுதிவிட முடியாது.

2019இல் வந்த அடுத்த பாகம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. செரிசாவா எரித்துவிட்டுப் போன ஆக்சிஜன் அழிப்பான் அதில் மீண்டும் வருகிறது. இராணுவம் அதை ஏவுகணையாகச் சுடுகிறது. அதைத் தடுக்கவோ மறைக்கவோ யாரும் உயிரைக் கொடுப்பதில்லை. குற்றுயிராகக் கிடக்கும் காட்ஸில்லாவுக்கு வலுவூட்ட, அதே பெயர் கொண்ட செரிசாவா அணுகுண்டை எடுத்துச் சென்று தன் கையாலேயே வெடிக்கச் செய்து இறக்கிறார்.

இரண்டு செரிசாவாக்களும் கடலுக்கு அடியில் உயிரைத் தருகிறார்கள். ஒருவர் ஓர் ஆயுதம் உலகத்துக்குக் கிடைக்காமல் இருக்க இறந்தார். இன்னொருவர் அணுகுண்டை மருந்தாகக் கொடுத்துவிட்டு இறந்தார். பெயர், தியாகம், கடல் என எல்லாம் ‘மூலத்துக்கு மரியாதை’. சொல்லவந்த செய்தி மட்டும் எதிர்த்திசையில் ஓடுகிறது.

இப்படியொரு வெட்டு புதிதல்ல. மூலப் படமே 1956இல் அமெரிக்காவுக்குப் போனபோது, அமெரிக்க நடிகர் ஒருவர் வரும் காட்சிகளைச் சேர்த்து, அணுகுண்டைப் பற்றிய பேச்சுகளில் பெரும்பாலானவற்றை நீக்கிவிட்டார்கள். உலகின் பல பகுதிகள் காட்ஸில்லாவை முதலில் அறிந்தது அந்தப் பதிப்பின் வழியாகத்தான்.

எல்லாவற்றையும் மாற்றியும் நேர்மை

நேர் எதிரான எடுத்துக்காட்டு 2016இல் வந்த ‘ஷின் காட்ஸில்லா’. ஹிடேயாக்கி அன்னோவும் ஷின்ஜி ஹிகுச்சியும் இயக்கிய இந்தப் படத்தைத் தீவிர ரசிகர்கள் முதலில் பார்த்தபோது திகைத்திருப்பார்கள். தொடக்கத்தில் காட்ஸில்லா முறைத்த கண்களும் செவுள்களுமாகத் தரையில் ஊர்கிறது. பிறகு படிப்படியாக உருமாறுகிறது. ஹைட்ரஜன் குண்டு இல்லை. கடலில் கொட்டிய அணுக்கழிவைத் தின்று வளர்ந்தது என்கிறது கதை. செரிசாவாவும் இல்லை. படத்தின் பாதி நேரம் அதிகாரிகள் கூட்டம் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

ஆனால் 2011 மார்ச் 11ஆம் தேதி ஃபுகுஷிமாவில் நடந்ததை நினைவில் கொண்டு பார்த்தால் எல்லாம் பொருந்துகிறது. அணுவுலையை நிறுத்தினாலும் அதன் சூடு உடனே தணியாது. நிறுத்திய நொடியிலும் முழு ஆற்றலில் 6 முதல் 7 விழுக்காடு வரை வெப்பம் வந்துகொண்டே இருக்கும். அதனால் தொடர்ந்து குளிர்விக்க வேண்டும். சுனாமி அந்தக் குளிர்விக்கும் ஏற்பாட்டை முடக்கியதால்தான் உலைகள் உருகின. ஷின் காட்ஸில்லாவின் உடலும் ஓர் உலைதான். இரத்த ஓட்டமே அதைக் குளிர்விக்கிறது. அந்த ஓட்டத்தைத் தடுத்து அதை உறையவைப்பதுதான் விஞ்ஞானிகளின் திட்டம். உறையவைக்கும் திரவத்தை அதன் வாயில் செலுத்த நீண்ட கை கொண்ட பம்பு லாரிகள் வருகின்றன. ஃபுகுஷிமாவில் நீர் ஊற்ற வந்தவையும் நீண்ட கை கொண்ட கான்கிரீட் பம்பு லாரிகள்தான். முடிவில் டோக்கியோ மீது இன்னொரு அணுகுண்டு விழாமல் தடுப்பதே பெரும் போராட்டமாகிறது. உருவம், தோற்றக் கதை, மாந்தர் என அனைத்தும் மாறிவிட்டன. கேள்வி மட்டும் அதே கேள்வி.

2023இல் தக்காஷி யமஸாக்கி இயக்கிய ‘காட்ஸில்லா மைனஸ் ஒன்’ வேறு வழியில் போனது. கதை போர் முடிந்த ஜப்பானில் நடக்கிறது. 1946இல் பிகினியில் நடந்த ‘கிராஸ்ரோட்ஸ்’ சோதனையால் விலங்கு உருமாறுகிறது. மீண்டும் குண்டு காரணம், விலங்கு விளைவு. நகரம் எரிந்தபின் கறுப்பு மழை பெய்கிறது. ஹிரோஷிமாவில் பெய்ததும் அதே மழைதான்.

இந்தப் படத்தில் அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு விருந்தும் இருக்கிறது. காட்ஸில்லாவைச் சுற்றி வாயுக் குமிழிகளை வெளியிட்டு அதைக் கடலில் மூழ்கடிக்கத் திட்டமிடுகிறார்கள். நீரில் குமிழிகள் நிறைந்தால் அந்தக் கலவையின் அடர்த்தி குறையும். மிதப்பு விசையும் குறையும். கழிவுநீரில் காற்றைச் செலுத்தும் தொட்டிகளில் தவறி விழுந்தால் மிதப்பது கடினம் என்று எச்சரிப்பதும் இதனால்தான். 1,500 மீட்டர் ஆழத்தில் நீரழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 150 மடங்கு. அதுவும் போதவில்லை என்றால் சட்டென்று மேலே இழுப்பது அடுத்த திட்டம். ஆழத்திலிருந்து தூண்டிலில் வேகமாக இழுத்த மீனின் வயிறு உப்பி, கண்கள் பிதுங்கியிருப்பதை மீன்பிடிப்பவர்கள் பார்த்திருப்பீர்கள். அதே தத்துவம்.

ஆனால் என்னைக் கவர்ந்தது வேறொன்று. திட்டத்தை வகுப்பவர், போர்க்காலத்தில் மனித உயிரை மலிவாக நினைத்தோம், இம்முறை ஒருவரும் சாகாமல் முடிப்போம் என்ற கருத்தில் பேசுகிறார். செரிசாவாவின் தியாகத்தை இந்தப் படம் நகலெடுக்கவில்லை. ஆனால் செரிசாவா கேட்டதையே கேட்கிறது: கையிலுள்ள அறிவை யாருடைய உயிரை விலையாக வைத்துப் பயன்படுத்துகிறோம்? இந்தப் படம் 2024இல் சிறந்த காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கார் விருதையும் வென்றது.

எப்படி எடைபோடுவது?

அடுத்த முறை நீங்கள் ஒரு ரீபூட் படத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும்போது, இரண்டு கேள்விகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி: மூலக் கதை எந்த உண்மை நிகழ்வை அல்லது எந்த அச்சத்தைப் பார்த்துப் பிறந்தது? அறிவியல் புனைகதைகளில் பெரும்பாலானவற்றுக்கு அப்படியொரு வேர் இருக்கும். இரண்டாவது கேள்வி: புதிய படம் அந்த வேரை வைத்திருக்கிறதா, அல்லது இலைகளை மட்டும் ஒட்டவைத்திருக்கிறதா? நிறம், உயரம், பெயர், உறுமல் எல்லாம் இலைகள். அவை காலந்தோறும் உதிரலாம், துளிர்க்கலாம். யார் செய்தார், யார்மீது விழுந்தது, யார் பொறுப்பு என்பது வேர்.

ஒரு கற்பனைக் கதைக்கு இவ்வளவு கவலை தேவையா என்று நீங்கள் கேட்கலாம். எல்லாக் கதைகளுக்கும் தேவையில்லைதான். ஆனால் பதினேழு வயது மாணவர்களில் பலர் பிகினியின் பெயரைப் பாடநூலில் படிப்பதற்கு முன்பே திரையில் கேட்டுவிடுகிறார்கள். முதலில் கேட்டது மனத்தில் ஆழமாகப் பதிகிறது. பின்னர் ஆசிரியர் வந்து அதை அழித்து எழுத வேண்டியிருக்கிறது.

கேள்வி கேட்ட மாணவனிடம், 1954 படத்தைத் தேடிப் பார்த்துவிட்டு வா என்று சொல்லியிருந்தேன். கறுப்பு வெள்ளைப் படம், ஜப்பானிய மொழி வேறு. பார்ப்பான் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து ஆய்வுக்கூடத்தில் கெய்கர் கருவியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, “டீச்சர், அந்த ஆஸ்பத்திரியில குழந்தைகிட்ட வைப்பாங்களே, அதுதானே இது?” என்றான்.

“ஆமாம், அதுதான்” என்றேன்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அவன் அந்தக் காட்சியை மற்றவர்களுக்கு விளக்கத் தொடங்கினான். நான் வெண்பலகைப் பேனாவை மேசையில் வைத்துவிட்டு நின்று கேட்டேன்.